வீட்டுத் தானியங்கியும் வெப்ப எக்கியும்

மாணவிகளே, நம் மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளுக்குப் பனிக்கட்டி கொடுக்கும் ஐஸ் கம்பெனியின் முன்வாசலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நீண்ட பாளங்கள் சறுக்கி வந்து, நொறுக்கும் எந்திரத்தில் விழுந்து, பொடியாகிப் படகுக்குப் போகும். அதே கட்டடத்தின் பின்புறத்தைப் பார்த்தவர்கள் சிலரே. அங்கே குழாய்களின்மேல் தண்ணீர் தூறலாக விழுந்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். முன்னால் பனிக்கட்டி, பின்னால் வெந்நீர்! இதில் மாயம் ஏதுமில்லை. தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்தால்தான் அது உறையும். எடுத்த வெப்பம் அழிவதில்லை, ஆகவே அதை எங்கேனும் கொட்டித்தான் ஆகவேண்டும்.

இவ்வாறு வெப்பத்தைக் குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்துச் சூடான இடத்தில் சேர்க்கும் கருவிக்கு வெப்ப எக்கி என்று பெயர். கடைகளில் ‘ஹீட் பம்ப்’ என்பார்கள். கிணற்றுத் தண்ணீர் தானாக மாடித் தொட்டிக்கு ஏறாது, மோட்டார் வேண்டும். அதுபோலவே வெப்பமும் தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குச் செல்லாது, ஏற்றிவிட ஓர் எக்கி வேண்டும். நம் வீட்டு ஃபிரிட்ஜும் ஏசியும் வெப்ப எக்கிகளே. குளிர்ந்த பக்கம் நமக்குப் பயன்பட்டால் ஏசி என்கிறோம். சூடான பக்கம் பயன்பட்டால் வெந்நீர் எந்திரம் என்கிறோம்.

உள்ளே நடப்பது என்ன? ஊசி போடுமுன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? வாயுவை அமுக்கினால் சூடேறுகிறது. இவ்விரண்டையும் ஒரே குழாய்ச் சுற்றுக்குள் அமைத்துவிட்டால் வெப்ப எக்கி ஆயிற்று. எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் முதற் சுருளில் ஆவியாகி, வெளிக்காற்றின் வெப்பத்தைப் பெறுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்குகிறது. சூடேறிய ஆவி இரண்டாவது சுருளில் தன் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின்பு ஒரு குறுகிய வழியில் புகுந்து, அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, பழையபடி முதற் சுருளுக்கு வந்து சேர்கிறது. ஐஸ் கம்பெனிகளில் பெரும்பாலும் இத்திரவம் அம்மோனியா. வீட்டு ஏசிகளில் இப்போது ஆர்-32 மிகுதி. புதிய ஃபிரிட்ஜுகள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன், அதாவது நம் சமையல் வாயுவின் நெருங்கிய உறவு. தீப்பற்றும் இயல்புடையது என்பதால், தெரியாதவர் அந்தப் பெட்டிக்குள் கை வைக்கலாகாது.

இவ்வெந்திரத்தின் வரலாற்றில் தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொந்தம் போலத் தோன்றும் ஒரு செய்தி உண்டு. 1852-இல் கெல்வின் பிரபு இதன் தத்துவத்தை விளக்கினார். அதை முதன்முதலில் பயன்படும் அளவில் கட்டியவர் பீட்டர் ரிட்டிங்கர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர். ஆண்டு 1856 வாக்கில், இடம் எபென்சே என்ற ஊர். எதற்காகத் தெரியுமா? உப்புக் காய்ச்சுவதற்காக! நம் அளங்களில் வெயிலும் காற்றும் கூலி கேட்காமல் பாத்திகளை வற்றவைக்கின்றன. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் அவ்வசதி இல்லை. விறகெரித்து உப்புநீரைக் கொதிக்கவைத்தார்கள். எழும்பும் நீராவி வீணே வானத்துக்குப் போவதைக் கண்ட ரிட்டிங்கர், அதைப் பிடித்து, அமுக்கிச் சூடேற்றி, அதே உப்புநீரைக் காய்ச்சத் திருப்பியனுப்பினார். அமுக்கும் வேலையை ஓடும் தண்ணீரின் விசையே செய்தது. சூடேற்றும் பரப்பில் உப்புப் படிந்து அவருக்குத் தொல்லை கொடுத்தது என்பார்கள். உப்பு எந்திரத்துக்குப் பகை என்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பின்னர் 1938-இல் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் ஒரு வெப்ப எக்கி வைத்தார்கள். அருகே ஓடும் லிம்மாத் ஆற்றின் குளிர்ந்த நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து அது கட்டடத்தைக் கணகணப்பாக்கியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

“எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமா? வெப்ப எக்கி எதற்கு?” என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவியர் விடுதியில் நாளொன்றுக்கு 1000 லிட்டர் வெந்நீர் தேவை என்று கொள்வோம். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, வேண்டுவது 55 டிகிரி. உயர்த்த வேண்டியது 27 டிகிரி. ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆகும். 1000, 27, 4.2 மூன்றையும் பெருக்கினால் 1,13,400 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3600 கிலோஜூல். ஆகவே சாதாரண கீஸருக்கு 31½ யூனிட் செலவாகும். வெப்ப எக்கியோ மின்சாரத்தை வெப்பமாக மாற்றுவதில்லை, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை ஏற்றிவிட மட்டுமே அதைச் செலவிடுகிறது. ஒரு யூனிட்டுக்கு 3½ யூனிட் வெப்பம் கிடைத்தால் செலவு 9 யூனிட்தான். மாதத்தில் 675 யூனிட் மிச்சம். நம் ஊர்க் காற்று ஆண்டு முழுதும் சூடாகவே இருப்பதால் எக்கிக்கு வேலை எளிது. கிணற்றில் தண்ணீர் மேலே நின்றால் மோட்டாருக்கு எளிதல்லவா, அதுபோல. கூரையில் சூரிய வெந்நீர்த் தகடு வைப்பதும் நல்லதே, அது இன்னும் சிக்கனம். மார்கழி மழைமேகம் நாலைந்து நாள் கவிந்துகொள்ளும்போதுதான் அது கைவிடும்.

இனித் தானியங்கிக்கு வருவோம். வெப்பநிலையை அறிந்து தானே செயலில் இறங்கும் கருவிக்கு நல்ல தொடக்கம் செய்தவர்களில் ஒருவர் நம்மைப் போன்ற ஆசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் ஊரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்தவர் வாரன் ஜான்சன். அங்கே குளிர்காலத்தில் அறை சூடாக இருக்கிறதா என்று பார்க்கக் காவலாளி வகுப்புக்குள் அடிக்கடி வந்து பாடத்தைக் கெடுப்பாராம். ஜான்சன் ஒரு மின்சாரக் கருவி அமைத்தார். அறையின் வெப்பநிலை மாறியதும் அது கீழ்த்தளத்தில் மணியடித்துக் காவலாளிக்குத் தெரிவித்தது. 1883-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அந்தக் கருவி அடுப்பைத் தானே அணைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். “மேலே சூடு போதும்” என்று சொல்லியனுப்பியது, அவ்வளவுதான். அடுப்பை எப்படித் தணிப்பது என்பதை அடுப்பை அறிந்தவரே பார்த்துக்கொண்டார். வெப்ப எக்கியை வீட்டுத் தானியங்கியோடு இணைக்க விரும்புவோர் மனத்தில் வைக்கவேண்டியது இதுவே. தானியங்கி தேவையைச் சொல்லட்டும். கம்ப்ரஸரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதை எக்கியின் சொந்தக் கட்டுப்பாட்டுப் பலகை முடிவு செய்யட்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? உங்கள் வீட்டு ஸ்டெபிலைசரைப் பாருங்கள். கரண்ட் போய்த் திரும்ப வந்ததும் அது உடனே ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் கொடுப்பதில்லை. ஒரு சிறு விளக்கை எரியவிட்டு மூன்று நிமிடம் போல் காத்திருக்கிறது. பொறுமையில்லாத தம்பிமார்கள் அதைத் தட்டிப் பார்ப்பதும் உண்டு! காரணம் இதுதான். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் நின்றதும், குழாயின் ஒரு பக்கம் மிகுந்த அழுத்தமும் மறுபக்கம் குறைந்த அழுத்தமும் இருக்கும். இரண்டும் சமமாகச் சில நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி ஓடச் சொன்னால், மலையைத் தள்ளுவது போல் மோட்டார் திணறி, வழக்கமான மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு இழுக்கும். சுருள் கருகும். எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பாமல் உராய்வும் மிகும். புதிய வெப்ப எக்கிகளின் உள்ளேயே இக்காத்திருப்பு அமைந்திருக்கிறது.

இந்த நிலையில், கைபேசியால் இயக்கும் ‘ஸ்மார்ட் பிளக்’ ஒன்றை வாங்கி, எக்கியின் மின்சாரத்தையே வெட்டுவதும் கொடுப்பதுமாக அமைத்துவிடுவது மிக எளிது, மிகத் தவறு. ஓட்டத்தின் நடுவே மின்சாரத்தை வெட்டினால், விசிறி சற்று நேரம் ஓடி ஓய்வது, தண்ணீர்ப் பம்பு தொடர்ந்து சுழன்று சுருளைக் காப்பது முதலிய ஒழுங்குகள் யாவும் தடைப்படும். முத்துக்குளித்த நாட்களில் (நம் கடலில் பெருமளவில் அது 1961-க்குப் பின் நடைபெறவில்லை) தோணியில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார், கடலடியில் இருப்பவர் அசைத்ததும் மேலே இழுப்பார். தம் விருப்பப்படி நடுவில் இழுப்பதில்லை. தம் மூச்சு எவ்வளவு என்பது மூழ்கியவருக்குத்தானே தெரியும்?

கட்டளையின் அளவும் முக்கியம். 55 டிகிரியில் நிற்க வேண்டும், அதற்குச் சற்றுக் குறைந்தாலும் ஓட வேண்டும் என்று தானியங்கிக்குச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? 200 லிட்டர் தொட்டி, 3 கிலோவாட் வெப்பம் தரும் எக்கி என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரி குறைந்ததும் தொடங்கினால் 280 விநாடியில் வேலை முடிந்துவிடும், ஐந்து நிமிடம்கூட இல்லை. 50 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுத்துத் தொடங்கினால் 23 நிமிடம் போல் நிம்மதியாக ஓடும். தொடங்கும் புள்ளிக்கும் நிறுத்தும் புள்ளிக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை அகலமாக வைப்பதே எந்திரத்தின் ஆயுளை நீட்டும். இக்கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவிகள் தாங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

சரி, தேவையைச் சொல்வது எப்படி? எல்லாவற்றிலும் எளிய வழி இரண்டு கம்பி முனைகள். பல எக்கிகளில் வெளியிலிருந்து சைகை கொடுப்பதற்கென்றே இரண்டு சிறு இணைப்புகள் வைத்திருக்கிறார்கள். தானியங்கியிலுள்ள ரிலே அவற்றைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும். அவற்றில் வீட்டு மின்சாரம் பாயாது, பாயவிடவும் கூடாது. ஜெர்மனியில் ஏற்பட்ட ‘எஸ்.ஜி. ரெடி’ என்ற வழக்கம் இதையே பின்பற்றுகிறது. ஒவ்வோர் இணைப்பும் திறந்தோ மூடியோ இருக்கலாம். ஆகவே இரண்டின் இருபடி, நான்கு செய்திகள் சொல்லலாம்: சற்று நேரம் ஓய்ந்திரு, வழக்கம்போல் இரு, இப்போது மின்சாரம் தாராளம் ஆகையால் முடிந்தால் ஓடு, கட்டாயம் ஓடு. ‘முடிந்தால்’ என்ற சொல்லைப் பாருங்கள், எவ்வளவு மரியாதை!

‘மின்சாரம் தாராளம்’ என்பது நமக்கு ஏட்டுச் செய்தியன்று. முள்ளக்காட்டில் 1986-லேயே காற்றாலைகள் சுழன்றன. கயத்தாறு பக்கம் இன்று காடாக நிற்கின்றன. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு வைத்தவர்களுக்கு நண்பகலில் மின்சாரம் மிஞ்சும். மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரி விலை மிகுதி. நன்றாகக் காப்புறை போட்ட வெந்நீர்த் தொட்டி மலிவு. பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் எக்கியை ஓடச் சொல்லித் தொட்டியைச் சூடாக்கி வைத்தால், மறுநாள் அதிகாலைக் குளியலுக்கு வெந்நீர் இருக்கும். தானியங்கி உண்மையாகவே உதவும் இடம் இதுவே என்பது என் எண்ணம். வெளியூரில் இருந்துகொண்டு கைபேசியில் ஏசியைப் போட்டுக் காட்டுவது உறவினர்முன் பெருமைக்கு ஆகும், வேறொன்றுக்கும் ஆகாது. ஆனால் சிக்கனம் கருதித் தொட்டியை எப்போதும் 40 டிகிரியில் வைத்துவிடலாகாது. இளஞ்சூட்டில் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற நுண்கிருமி பெருகும். அது நுரையீரலைத் தாக்கும். 60 டிகிரியில் மாண்டுபோகும். முதியோரும் நோயாளரும் குளிக்கும் இடங்களில், வாரம் ஒருமுறையேனும் தொட்டி முழுவதும் 60 டிகிரி எட்டும்படி தானியங்கிக்குச் சொல்லி வைப்பது கடமை.

இன்னும் விரிவாகப் பேச வேண்டுமானால் ‘மோட்பஸ்’ என்ற மொழி உண்டு. 1979-இல் மோடிகான் என்ற அமெரிக்க நிறுவனம் தொழிற்சாலைக் கருவிகளுக்காக வெளியிட்டது, இன்றும் வழக்கில் உள்ளது. எந்திரத்தின் ஒவ்வொரு செய்தியும் எண்ணிட்ட ஓர் அறையில் இருக்கும். தபால் நிலையத்துத் தபால் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையைப் படித்தால் தொட்டியின் வெப்பநிலை தெரியும், இன்னோர் அறையில் எழுதினால் வேண்டிய வெப்பநிலை மாறும். இதில் இரண்டு கண்ணிகள். முதலாவது, அறைகளில் முழு எண் மட்டுமே நிற்கும். ஆகவே 55 டிகிரியைச் சில எந்திரங்கள் 550 என்று வைத்திருக்கும். கையேட்டைப் படிக்காமல் 55 என்று எழுதினால், 5.5 டிகிரி வெந்நீர் கேட்டதாக அர்த்தம்! இரண்டாவது கண்ணி நுட்பமானது. சில எந்திரங்கள் எழுதிய எண்ணை அழியா நினைவகத்தில் பதித்துக்கொள்ளும். அந்த நினைவகம் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை எழுதும்வரை தாங்கும். பத்து விநாடிக்கு ஒருமுறை ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதும்படி அமைத்தால் ஒரு நாளில் 8640 முறை ஆகும். பன்னிரண்டு நாளுக்குள் லட்சம் தீர்ந்துவிடும். பல ஆண்டு உழைக்கவேண்டிய பலகை இரண்டு வாரத்தில் பழுதாகலாம். மாறும்போது மட்டுமே எழுத வேண்டும், படிப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

சுவரிலுள்ள ஏசிக்கு இவ்வசதிகள் பெரும்பாலும் இராது, ரிமோட்தான். ரிமோட்டைப் போலவே கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும் சிறு கருவியைத் தானியங்கியில் இணைப்பார்கள். அது சொல்லும், ஆனால் பதிலைக் கேளாது. திரைச்சீலை மறைத்துச் செய்தி போய்ச் சேராவிட்டால், தானியங்கி ஏசியை அணைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும், ஏசியோ இரவெல்லாம் ஓடும். காற்று வரும் வாயில் ஒரு வெப்பமானியை வைத்து, உண்மையிலேயே நின்றதா என்று சோதிக்கச் செய்வது நல்லது. 2020 ஜனவரி 1 முதல் அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு நிலையாகக் கொள்ளவேண்டும் என்று இந்திய எரிசக்தித் திறன் செயலகம் விதித்தது. அதைத் தானியங்கி 18-க்கு இறக்காதிருந்தால் சரி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் நாள்கணக்கில் இல்லை. எங்கோ தொலைதூரக் கணிப்பொறியைக் கேட்டுத்தான் இயங்கும் தானியங்கி அத்தகைய நாளில் ஊமை. ஆகவே முடிவெடுக்கும் கருவி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், இணையம் இல்லாவிட்டாலும் எக்கி தன் பழைய ஒழுங்கில் ஓடவேண்டும். கைபேசி பழகாத பாட்டிக்கும் கை எட்டும் உயரத்தில் ஒரு சாதாரண சுவிட்சு அவசியம் வேண்டும். இதைவிடப் பெரிய செய்தி, மின்சாரம் திரும்பியதும் எந்திரங்களைத் தானே ஓட்டும் அமைப்பு வெள்ளக் காலத்தில் ஆபத்து. வெளியலகு தண்ணீரில் மூழ்கியிருக்கும்போது கரண்ட் வந்தால், முற்றத்தில் நிற்கும் பிள்ளையின் உயிருக்கே கேடு. வெளியலகைத் தரையில் வைக்காமல் உயரத்தில் பொருத்துங்கள். மழைநாளில் அதற்குரிய சுவிட்சைக் கையாலேயே அணைத்துவிடுங்கள். கசிவு மின்சாரம் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். துண்டித்ததைத் தானாகத் திரும்பச் சேர்க்கும் எந்தக் கருவியையும் அத்தோடு இணைக்க வேண்டாம்.

உப்புக்காற்றை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கடற்கரைத் தெருக்களில் வெளியலகின் அலுமினியத் தகடுகள் வெகு சீக்கிரம் பொரிந்து உதிர்கின்றன. மேற்பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவ வேண்டும். தானியங்கி இதற்கும் ஒரு கைகொடுக்கும். அதே அளவு தண்ணீரைச் சூடாக்க எத்தனை யூனிட் ஆகிறது என்று நாள்தோறும் குறித்துவந்தால், தகடு அரிக்கும்போது அந்த எண் மெல்ல ஏறும். எந்திரம் நிற்பதற்குப் பல வாரம் முன்பே அது நமக்குத் தெரிந்துவிடும்.

விடுமுறையில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. ஒரு கடிகாரமும் நோட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் அருகில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கம்ப்ரஸர் ஓசை தொடங்கும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் எழுதுங்கள். (இன்வெர்ட்டர் வகையானால் ஓசை முழுதும் நிற்காது, கூடிக் குறையும்.) பின்பு, அம்மாவின் அனுமதியோடு, ஒரு பாத்திரம் நிறைய வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே வைத்து இன்னொரு மணி நேரம் குறியுங்கள். ஃபிரிட்ஜின் பின்புறம் அல்லது பக்கச் சுவர் எவ்வளவு சுடுகிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். பாத்திரத்தில் குறைந்த வெப்பம் எங்கே போயிற்று என்பது கைக்குத் தெரியும். குறிப்புகளை ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பௌதிக ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள், ஒன்றாக வைத்து வரைபடம் போடுவோம்.